தோற்றவர்களின் சங்கீதம்

சங்கீதத்துக்குப் பரிசு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லாத காரியம். பல வருஷங்களாக இதைப் பல பேரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன். சொல்லிக்கொண்டே, சென்ற மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு திருப்பாவைப் போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்தேன். எழுத்தாளன் என்றால் எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

இருபது, இருபத்தைந்து குழந்தைகள் வந்திருந்தார்கள். பாட்டு ஒன்றேதான், வாய்தான் வேறு வேறு. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் வந்து பாடினாள். மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டி ஒரு சொல் உடைந்துபோயிற்று. உடைந்த இடத்தில் அவள் பயப்படவில்லை. சற்று நின்று, அந்தச் சொல்லை மறுபடி எடுத்து, வேறு ஏதோ அர்த்தம் தெரிந்தவள் போலப் பாடி முடித்தாள். நான் மூச்சுக்காக மூன்று மார்க் குறைத்தேன். பரிசு இன்னொரு குழந்தைக்குப் போயிற்று. வாசலில் அந்தப் பெண்ணின் பாட்டி என்னை நிறுத்தி, "ஏங்கய்யா, பிள்ளை எதுல தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"மூச்சு பத்தலை, அம்மா" என்றேன். பதில் சரிதான். ஆனால் ராஜபாளையம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தப் பதில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். நூல் மில் ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மேல்நாட்டுச் சங்கீதத்தில் பித்து. "அண்ணாச்சி, மார்க்குப் போட்ட பாவத்துக்குப் பரிகாரம் வார்சாவில் இருக்கு" என்று சொல்லி, ஷோப்பான் பியானோப் போட்டியின் ஒலிப்பதிவுகளைக் கேட்க வைத்தார். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போலந்தின் தலைநகரான வார்சாவில் 1927-ல் தொடங்கிய போட்டி இது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டியது. யுத்தத்தால் ஒரு தடவையும், கொள்ளை நோயால் ஒரு தடவையும் தள்ளிப்போயிற்று. இதில் வாசிப்பவர்கள் ஷோப்பானைத் தவிர வேறு யாரையும் வாசிக்கக் கூடாது. மார்கழியில் நம் ஊர்க் குழந்தைகள் முப்பது பாட்டைத் தாண்டாதது போலத்தான். ஒரே பாட்டைப் பல பேர் சொல்லக் கேட்கும்போதுதான், பாட்டு எது, பாடுகிறவன் எது என்று பிரிந்து தெரிகிறது.

பழைய பதிவுகளில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 1955-ஆம் வருஷத்துப் போட்டி. அந்த வருஷம் முதல் பரிசு போலந்துக்காரரான ஹராஸியேவிச்சுக்கு. இரண்டாவது ரஷ்யாவின் அஷ்கெனாஸிக்கு. மூன்றாவது ஷாங்காயில் பிறந்த ஃபூ ட்ஸூங்குக்கு. மஸுர்கா வாசிப்புக்கென்று இருந்த தனிப் பரிசும் இந்தச் சீன இளைஞருக்கே கிடைத்தது. மஸுர்கா என்பது போலந்துக் கிராமத்து ஜனங்களின் ஆட்டம். மூன்று எண்ணிக்கைத் தாளம். ரூபகம் தட்டிப் பழகிய கைக்கு எண்ணிக்கை ஒன்றும் புதிதல்ல. ஆனால் அழுத்தம் முதல் அடியில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழும். எவ்வளவு நேரம் அங்கே தங்குவது என்பதை எந்தக் காகிதத்திலும் எழுதிவைக்க முடியாது. ஃபூ ட்ஸூங் அந்த இடத்தில் தங்குகிறார்; ஆனால் தங்குகிறேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஊர்க்காரனுக்குப் பிறப்பால் வருவது அந்நியனுக்குக் கவனத்தால் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இந்த முடிவில் ஒரு நடுவர் கையெழுத்துப் போட மறுத்தார். இத்தாலிய மேதை மைக்கலாஞ்செலி. அஷ்கெனாஸிக்கே முதல் பரிசு என்பது அவர் கட்சி. அதே மைக்கலாஞ்செலி 1938-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த பெரிய போட்டியில் ஏழாவதாக வந்தவர். தாம் ஏழாவதாக உட்கார்ந்த நாற்காலியின் சூட்டை அவர் மறக்கவில்லை என்று நான் கதை கட்டலாம். கதாசிரியனுக்கு அந்தச் சலுகை உண்டு.

1980-ல் இன்னும் பெரிய கலவரம். யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த போகோரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். 1965-ல் இதே மேடையில் முதல் பரிசு வாங்கிய மார்த்தா ஆர்கெரிச், அவன் ஒரு மேதை என்று சொல்லி நடுவர் குழுவை விட்டே விலகினார். பரிசு பெறாதவருக்குப் பெயர் வந்தது; பரிசு பெற்ற வியத்நாமியரான டாங் தாய் சன்னின் பெயர் அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று. ஆசியாவிலிருந்து முதல் பரிசு பெற்ற முதல் மனிதர் அவர்; யுத்த காலத்தில் வளர்ந்தவர். இன்று இரண்டு பேரையும் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். போகோரெலிச் நம்மைத் தூங்கவிடாமல் உலுக்குகிறார். டாங் தாய் சன் கூடவே நடந்து வருகிறார். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நடுவர்களுக்குத்தான் அந்த நிர்ப்பந்தம்.

பதிவுகளில் குறைகளும் உண்டு. பழையவற்றில் சத்தம் தகரம்போல ஒலிக்கிறது. மண்டபம் காதில் விழுவதில்லை. அதைவிடப் பெரிய குறை நம்மிடமே இருக்கிறது. பின்னால் யார் பெரியவரானார் என்று தெரிந்துகொண்டு கேட்கிறோம். தெரிந்த பெயருக்குக் காது தானாகவே வணங்கிவிடுகிறது. நண்பர் இதை நிரூபித்தும் காட்டினார். செல்போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, 2021-ஆம் வருஷத்துப் போட்டியிலிருந்து மூன்று பேரின் மஸுர்காவைப் போட்டார். நான் கம்பீரமாக இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் இறுதிச் சுற்றுக்கே வராதவர். மூன்றாமவர் பரிசு வாங்கியவர்.

"இப்போ யாரு தப்பு, அண்ணாச்சி?" என்றார் நண்பர்.

யாரும் தப்பில்லை என்றே நினைக்கிறேன். 2015-ல் நடுவர்கள் போட்ட மார்க்கை வெளியிட்டார்கள். கொரியாவின் சோ சொங் ஜின் முதல் பரிசு பெற்றார். இறுதிச் சுற்றில் அவருக்கு மற்றப் பலர் 9 போட்டிருக்க, ஒருவர் பத்துக்கு 1 போட்டிருந்தார்! கற்றவர்கள் காதே இப்படி என்றால், என் மூன்று மார்க் எந்த மூலைக்கு?

ஆனால் இதையே சமாதானமாக வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட முடியவில்லை. ஏனென்றால் வார்சாக்காரர்கள் தங்கள் தவறுக்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். முன்னெல்லாம் பெரும்பாலும் ஜெயித்தவர்களே இசைத்தட்டில் வந்தார்கள். இந்தக் காலத்துப் பதிவுகளில் முதல் சுற்றிலேயே வெளியேறியவர்களின் வாசிப்பும் முழுசாக இருக்கிறது. தீர்ப்பும் இருக்கிறது, அந்தத் தீர்ப்பை மறுத்துச் சொல்லும் சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்தில் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு, "இவனை விட்டுவிட்டார்களே!" என்று இரவு பன்னிரண்டு மணிக்கு வருத்தப்பட முடிகிறது. அந்த வருத்தம்தான் இந்தப் பதிவுகளின் பெரிய பயன் என்பது என் அபிப்பிராயம். யார் முதல் என்று அறிய இவற்றைக் கேட்க வேண்டாம்; எதைக் கேட்காமல் விட்டோம் என்று அறியக் கேளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போட்டியை யாரும் பதிவு செய்யவில்லை. இருப்பது என் மார்க் தாள் ஒன்றுதான். அதில் மூச்சு உடைந்தது எழுதியிருக்கிறது. உடைந்த பிறகு அந்தக் குழந்தை என்ன செய்தாள் என்பது எழுதியில்லை. அதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. வருகிற மார்கழியிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவராக வரவில்லை, கேட்க மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டியைக் கண்டால் சொல்ல வேறு ஒரு பதிலும் வைத்திருக்கிறேன்.