உப்பு அதிமதுரம்: நாக்கின் கணக்கும் உடம்பின் கணக்கும்

நெதர்லாந்தில் ஒருவரிடம் 'ட்ரோப்' பிடிக்குமா என்று கேட்டால், எந்த ட்ரோப் என்றுதான் முதலில் கேட்பார். அதிமதுர வேர்ச் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் அந்தக் கறுப்பு மிட்டாயில் இனிப்பு, உப்பு என்று ஒரு பிரிவு; மெத்தென்றது, கெட்டி என்று இன்னொன்று. தேன் சேர்த்தது, காசு வடிவம், பூனை வடிவம் எல்லாம் இவற்றுக்குள் அடக்கம். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ தின்கிற நாடு இப்படி ரகம் பிரிப்பதில் வியப்பில்லை.

இந்தப் பிரிப்பு நல்ல பழக்கம். தொண்டைக் கட்டுக்கு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கியவர்களுக்கு அதன் தித்திப்பு தெரியும். மெல்லத்தான் எழும், எழுந்தால் நெடுநேரம் போகாது. சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பான கிளிசிரைசின்தான் காரணம். தாமதித்து வரும் இந்தச் சுவைக்குப் பதம் முக்கியம். வேலம்பிசின் கூட்டிய கெட்டி ரகத்தைக் கடித்தால் பல்லில் அப்பிக்கொள்ளும், அடக்கி வைத்தால்தான் வழிக்கு வரும். சுவை எழ அதற்குள் நேரம் கிடைத்துவிடும். கோதுமை மாவைச் சேர்த்துக் கயிறாகப் பிழிகிற மெத்தென்ற ரகமோ, ருசி தெரிவதற்குள் தொண்டையில் இறங்கிவிடுகிறது. என் ஓட்டு கெட்டிக்கே. (அமெரிக்கச் சிவப்புக் கயிறுகள் இந்தப் பேச்சிலேயே வராது. அவற்றில் பெரும்பாலும் அதிமதுரமே கிடையாது.)

உப்பு ரகத்தில் போடுவது சாப்பாட்டு உப்பு அல்ல, நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டோடு தூவியதும் குபீரென்று வெண்புகை கிளம்புமே, அதே சரக்கு. முதலில் கரிப்பு, அடுத்து மூக்கில் ஏறும் நெடி, அதெல்லாம் அடங்கிய பிறகே தித்திப்பு. ஃபின்லாந்தில் சல்மியாக்கி என்கிறார்கள். அதிமதுரத்தின் திகட்டலை இதைவிட நன்றாக முறிக்கும் பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'இரட்டை உப்பு' என்று முத்திரை குத்தும் அளவுக்குப் போனபின் ருசி பின்னால் போய் வீம்பு முன்னால் வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் வாயில் ஒன்றைப் போட்டு அவர் முகம் கோணுவதை வேடிக்கை பார்ப்பதும் அந்த வீம்பில் சேர்த்திதான்.

பெரிய குறை வேறு. நாக்கு எதைக் கண்டு மிரளுகிறதோ அதைத்தான் இந்தப் பிரிப்பு அளக்கிறது. உடம்பு மிரளவேண்டியதோ இனிப்பைக் கண்டு. கார்ட்டிசால் என்ற சுரப்பைச் சிறுநீரகத்தில் அடக்கிவைக்கும் நொதியைக் கிளிசிரைசின் தடுத்துவிடுகிறது. விளைவாக உடம்பில் சோடியம் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். 2020இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த செய்தி இது: சிவப்பு மிட்டாய் தின்றுகொண்டிருந்த 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுரம் கலந்த கறுப்புக்கு மாறினார். தினம் ஒன்றரைப் பாக்கெட் வீதம் மூன்று வாரம். பொட்டாசியம் சரிந்து, இதயத் துடிப்பு நின்று, இறந்துபோனார். அவர் மாற்றியது ஒரு மிட்டாய் ரகத்தை மட்டுமே.

ஐரோப்பாவில் நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினிக் அமிலம் (கிளிசிரைசினுக்கே இன்னொரு பெயர்) என்று ஒரு வரம்பு சொல்கிறார்கள். கிலோவுக்கு 4 கிராமுக்குக் குறையாமல் அது இருக்கும் மிட்டாயில், ரத்த அழுத்தக்காரர்கள் அளவுக்கு மீறித் தின்னவேண்டாம் என்று அச்சிட்டாக வேண்டும். அப்படிப்பட்ட மிட்டாயில் 25 கிராமே வரம்பைத் தொட்டுவிடும். நெதர்லாந்தின் சராசரி நாளுக்கு ஐந்தாறு கிராம்தான், அதனால் பயமில்லை எனலாம். ஆனால் சராசரியாகத் தின்பவர் யார்? இரட்டை உப்பு இரண்டு துண்டோடு கையைத் தட்டிவிடும். மெத்தென்ற இனிப்பு ரகத்துக்கு அந்தத் தடை கிடையாது. உப்புக்கு முத்திரை குத்தத் தெரிந்தவர்கள், துண்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் பக்கத்திலேயே அச்சடிக்கலாம்.