கொலையைப் பாடலாமா: பிராட்வே மேடையில் துயர வரலாறு

பேச்சும் பாட்டும் ஆட்டமும் ஒன்றுசேர்ந்து கதையை நடத்திச் செல்லும் ‘மியூசிக்கல்’ என்ற மேடை வடிவத்தில், அதுவும் நியூயார்க்கின் பிராட்வே என்னும் வணிக அரங்கு வட்டாரத்தில், அமெரிக்காவின் கொடிய நிகழ்வுகள் சில ஆடப்பட்டுள்ளன. உண்மையில் வாழ்ந்து மடிந்தவர்களின் துன்பத்தை, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கைதட்டி ரசிக்கும்படி செய்வது தகுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது. துயரத்துக்குப் பாட்டு பொருந்தாது என்பதை ஒப்பாரி அறிந்த எந்தச் சமூகமும் ஏற்காது. மெய்யான இடர் பாட்டு தரும் இன்பத்தில் இருக்கிறது: நல்ல மெட்டு, யார் வாயிலிருந்து வந்தாலும், கேட்பவரைப் பாடுபவரின் பக்கம் சாய்த்துவிடும்.

ஆல்ஃபிரட் யூரி எழுதி ஜேசன் ராபர்ட் பிரவுன் இசையமைத்த ‘பரேட்’ (1998) இந்த இடரையே தன் கருவியாக்கிக்கொண்ட படைப்பு. அட்லாண்டாவில் ஒரு பென்சில் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்த லியோ ஃபிராங்க் என்ற யூதர், அங்கு வேலை செய்த 13 வயதுச் சிறுமி மேரி ஃபேகனை 1913 ஏப்ரலில் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றார். ஆளுநர் ஜான் ஸ்லேட்டன் 1915இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்த சில வாரங்களில், ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்தி, மரியெட்டா ஊருக்கு அருகே மரத்தில் தூக்கிலிட்டது. ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற பிடில் கலைஞர் ஃபிராங்கையே கொலைகாரராகச் சொல்லும் பாட்டொன்றைக் கட்டி, மக்கள் கூடிய இடத்தில் பாடிவந்தார். தமிழ்நாட்டுச் சந்தைகளில் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துக்கு இது நெருங்கிய உறவு. ஆக, இந்தத் துயரத்தில் பாட்டு பின்னால் யாரோ கொண்டுவந்து சேர்த்த ஒன்றன்று. வெறுப்பைப் பரப்பிய கருவிகளில் ஒன்றாக அது அப்போதே இருந்தது.

நாடகத்தின் நீதிமன்றக் காட்சி இதை நன்கு உணர்ந்து அமைக்கப்பட்டது. தொழிற்சாலைச் சிறுமிகள் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பொய்ச் சாட்சியைப் பாடும்போது, அதுவரை கூச்சமும் விறைப்புமாக இருந்த லியோ, அவர்கள் சொல்லும் காமுகனாகவே மாறி ஆடத் தொடங்குகிறார். பொய்க்குக் கவர்ச்சியான மெட்டு கிடைக்கிறது, குற்றமற்றவரின் வாக்குமூலமோ எளிய, தனித்த பாட்டாக நிற்கிறது. பார்வையாளர் தாமும் ஒரு கணம் பொய்யை ரசித்துவிட்டதை உணரும் இடத்தில், அந்த ஊர் மக்கள் ஏன் நம்பினார்கள் என்பது வாதத்தால் விளக்க முடியாத தெளிவோடு புரிகிறது. இதை உரைநடை நாடகம் இவ்வளவு கூர்மையாகச் செய்திருக்க முடியாது.

‘தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்’ (2010) இதே வழியில் இன்னும் துணிந்து சென்றது. 1931இல் அலபாமாவில் சரக்கு ரயிலிலிருந்து இறக்கப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்கள், பொய்யான வன்புணர்வுப் புகாரில் சிறையிலிடப்பட்டனர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நிறைவேறாமல் போனது. ஜான் கேண்டரும் ஃப்ரெட் எப்பும் இவ்வரலாற்றை ‘மின்ஸ்ட்ரல் ஷோ’வாக, அதாவது வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த 19ஆம் நூற்றாண்டுக் கேளிக்கையின் வடிவில், அமைத்தார்கள். மின்நாற்காலியைக் கனவில் காணும் சிறுவனின் அச்சம் காலடித் தாளத்தோடு கூடிய துள்ளாட்டமாக வரும்போது, கைதட்டுவதா வேண்டாமா என்று அரங்கமே தடுமாறும்படி நாடகம் செய்கிறது. இறுதியில் நடிகர்கள் முகப்பூச்சைத் துடைத்துவிட்டு, ஆட மறுக்கிறார்கள்.

ஒப்புநோக்க, 1997இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் ஐந்தைப் பெற்ற ‘டைட்டானிக்’ மியூசிக்கல் எளிய படைப்பே. உரிமையாளரும் வடிவமைப்பாளரும் கப்பல் தலைவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் பாட்டைத் தவிர, அது பெரும்பாலும் இரங்க வைப்பதோடு நின்றுவிடுகிறது.

ஸ்காட்ஸ்பரோ நாடகத்தை எதிர்த்து 2010இல் அரங்குக்கு வெளியே போராட்டம் நடந்தது. 49 காட்சிகளோடு பிராட்வேயில் அது முடிந்துபோனது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய வடிவத்தை, வெள்ளைப் படைப்பாளிகள் எந்த நோக்கத்தோடும் எடுத்தாளலாகாது என்ற மனக்குறைக்கு இந்நாடகம் முழுப் பதில் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2023 பிப்ரவரியில் ‘பரேட்’ மீண்டும் பிராட்வேக்கு வந்தபோதும் வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ஆனால் அவர்கள் நவ நாஜிகள், கார்சன் பாடிய அதே பழியைத் துண்டறிக்கைகளோடு மறுபடியும் கூவியவர்கள். இவ்விரு எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி: முன்னதற்குப் படைப்பாளிகள் இன்றும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், பின்னதற்கான பதில் ஒவ்வொரு மாலையும் மேடையில் பாடப்பட்டது. அவ்வாண்டு சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதும் ‘பரேட்’டுக்கே கிடைத்தது.