பக்கத்துக் கூடாரத்துக்குப் போன தண்ணீர்

பிள்ளைகளைத் தலைமைக்குத் தயார்செய்ய எத்தனையோ முறைகள் வந்து போயிருக்கின்றன. சாரணர் இயக்கத்தின் அணி முறை மட்டும் நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில், இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இருபது சொச்சம் சிறுவர்களோடு ஒரு வாரம் முகாமிட்டார். ஈட்டன், ஹாரோ போன்ற வசதியான பள்ளிகளின் பிள்ளைகளும் பூல், போர்ன்மத் ஊர்களின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கலந்திருந்தார்கள். அவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை எனப் பெயர் சூட்டி நான்கு அணிகளாகப் பிரித்தார். அணியில் மூத்தவன் தலைவன். தன் அணியின் நடத்தைக்கெல்லாம் அவனே பொறுப்பு. ஒவ்வொரு இரவும் ஓர் அணி மாவும் இறைச்சியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு தனியே போய்ச் சமைத்துச் சாப்பிட்டுக் காவல் இருக்கும். பெரியவர்கள் விலகி நின்றார்கள்.

அந்த விலகல்தான் இந்த முறையின் உயிர். ஆறேழு பேர் கொண்ட சின்ன அணி, அதற்குப் பிள்ளைகளிலேயே ஒரு தலைவன், அந்தத் தலைவர்கள் கூடி முகாமின் காரியங்களைப் பேசித் தீர்க்கும் ‘கோர்ட் ஆஃப் ஆனர்’. இந்த மூன்றையும் சேர்த்து ரோலண்ட் பிலிப்ஸ் ஒரு கையேடாகவே எழுதினார். சொம் போரில் 1916இல் இறந்தபோது அவர் இளைஞர். அவர் எழுதியதைத்தான் இன்றும் நம் சாரண ஆசிரியர்கள், அவர் பெயர் தெரிந்தோ தெரியாமலோ, சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் அணிக்குள்ளே ஒத்துழைப்பு, அணிகளுக்கு நடுவே போட்டி. இரண்டையும் இப்படி அடுக்கியதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. முடிச்சுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ரீஃப், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், போலைன் என்று வரிசையாக ஆளுக்கொரு முடிச்சு. கடைசி ஆள் முடித்துக் கையைத் தூக்கினால்தான் அணிக்கு மதிப்பெண். கயிறு கையில் வந்தாலே விரல் நடுங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஒவ்வோர் அணியிலும் இருப்பான். போலைனில் கயிற்றின் நுனி வளையத்துக்குள் கீழிருந்து மேலே வந்து, நீண்ட கயிற்றைப் பின்பக்கமாகச் சுற்றி, திரும்ப அதே வளையத்துக்குள் இறங்க வேண்டும். அந்தப் பின்பக்கச் சுற்றில்தான் அவனுக்குக் குழம்பும். சாப்பாடு முடிந்த பிறகு ஒன்பதாம் வகுப்புத் தலைவன் அவனுக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேர் கையும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி வைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்தால் இடம் வலம் மாறிவிடும் என்று அந்தப் பையனே கண்டுபிடித்திருந்தான். ஆசிரியர் பயிற்சியில்கூட எல்லோரும் கற்றுக்கொள்ளாத விஷயம் இது. நாளைக் காலைப் போட்டி இல்லாவிட்டால் அவன் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஆனால் இதுவே விதி கொஞ்சம் மாறினால் தலைகீழாகும். எந்த முடிச்சை யார் போடுவது என்பதைத் தலைவனே முடிவு செய்யலாம் என்றால், சுலபமான ரீஃபைச் சின்னவனிடம் தள்ளிவிட்டு அவனை மறந்துவிடுவான். அணிக்கு நான்கு பேர் வந்தால் போதும் என்றால் அவனைக் கரையில் உட்கார வைத்துவிடுவான். சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் மட்டுமே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் வரும். போட்டி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ, அதற்கேற்ற தலைவன்தான் நமக்குக் கிடைப்பான்.

இனி இந்த முறையின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். ஒரு முகாமில் மாலையில் மேகம் கூடியது. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொன்னார்கள். மறுநாள் பரிசோதனையில் அதற்கு மதிப்பெண் உண்டு. மேட்டில் இருந்த அணி மிக நேர்த்தியாக வெட்டியது. கரையைத் தட்டிக் கெட்டியாக்கி, தண்ணீர் ஒரே பக்கமாக வடியும்படி சரிவு கொடுத்தது. அந்தச் சரிவு நேராகக் கீழே இருந்த கூடாரத்தில் போய் முடிந்தது. இரவு மழையில் கீழ்க் கூடாரத்துப் பிள்ளைகள் நனைந்த படுக்கையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்கு ஓடினார்கள். மேட்டு அணி விழித்துத்தான் இருந்தது. யாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கவில்லை. காலையில் வாய்க்காலுக்கு முழு மதிப்பெண் அவர்களுக்கே. அந்தத் தலைவன் மோசமான பையன் இல்லை. தன் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பான். தன்னவர்களைக் காப்பது என்ற பாடத்தை முறை அவனுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. மற்றவர்களும் தன் பொறுப்பில் வருவார்கள் என்ற பாடம் மட்டும் மதிப்பெண் தாளில் இல்லை.

அணிகளுக்கு நடுவே போட்டியை முற்றவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954இல் நடத்திப் பார்த்தார். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதுச் சிறுவர்கள் 22 பேர், கழுகுகள், விரியன்கள் என்று இரண்டு குழுக்களாக. கயிறிழுத்தல், பேஸ்பால் என்று போட்டிகள். வென்ற குழுவுக்குப் பதக்கமும் மடக்குக் கத்தியும். சில நாளிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள். தங்குமிடத்தில் புகுந்து சூறையாடினார்கள். இது பலரும் அறிந்த கதை. தலைமையைப் பற்றிப் பேசுகிற நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: மோதல் சூடுபிடித்தபோது கழுகுகளின் தலைமையே கை மாறியது. அதுவரை குழுவை அமைதியாக நடத்திவந்தவன் பின்னுக்குப் போக, சண்டைக்கு முன்னால் நின்றவன் தலைவனானான். முற்றிய போட்டி இருக்கிற தலைவர்களை வளர்ப்பதோடு நிற்பதில்லை. வேறு வகைத் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

பிறகு ஷெரிஃப் இரு குழுவையும் சேர்க்க முயன்றார். ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார், ஒன்றாகச் சாப்பிட வைத்தார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். தண்ணீர்க் குழாய் அடைபட்டபோதும், சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் பகை இறங்கத் தொடங்கியது. லாரியை இழுக்க அவர்கள் கட்டிய கயிறு, முன்பு கயிறிழுத்தலில் எதிரெதிரே நின்று பிடித்த அதே கயிறு. நம் முகாம்களில் கடைசி இரவுப் பாசறைத் தீயைச் சுற்றிப் பாடிவிட்டால் நான்கு நாள் கசப்பும் கரைந்துவிடும் என்று நம்புகிறோம். தீயைச் சுற்றி உட்கார்ந்தாலும் பிள்ளைகள் அணி அணியாகவே உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

ஷெரிஃபின் ஆய்வை வேதவாக்காக எடுக்கவும் கூடாது. பெரியவர்கள் திட்டமிட்டு மூட்டிய பகை அது. அதற்கு முந்தைய வருஷம் நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய முகாமில் சிறுவர்கள் சண்டைக்கே வரவில்லை; ஆய்வையே பாதியில் கைவிட்டார். அங்கே பிள்ளைகள் முதலில் எல்லோருமாகப் பழகி நண்பர்களான பிறகுதான் பிரிக்கப்பட்டார்கள். எனக்கு இந்தத் தோல்விதான் பெரிய செய்தியாகப் படுகிறது. முதல் நாளே அணி பிரித்துக் கொடி கொடுக்கும் நம் வழக்கத்தை மாற்ற இது ஒன்றே போதுமான காரணம்.

தமிழ்நாட்டில் இதைக் கூடுதல் கவலையோடு யோசிக்க வேண்டியிருக்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தால் சாதியைக் காட்டும் மாணவர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் நண்பர்கள் சேர்ந்து அணி அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், தெரு அப்படியே அணியாக வந்து நிற்கும். அதன்மேல் போட்டியும் ஏறும். பிரவுன்சீயில் பிள்ளைகளைக் கலந்தது தற்செயல் இல்லை. அதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது நம் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் அன்னி பெசன்ட் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

போட்டியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் போலைன் பாடம் போட்டியால் கிடைத்தது. அணிகளை ஒன்றோடொன்று மோதவிடாமல், ஓர் அளவை வைத்து அதை எட்டுகிற ஒவ்வோர் அணிக்கும் கொடி கொடுக்கலாம். பல முகாம்களில் இந்த வழக்கம் இருக்கிறது, சுறுசுறுப்பும் குறைவதில்லை. முகாமின் நடுவில், ஓர் அணியால் முடியாத ஒரு வேலை வேண்டும். விளையாட்டுக்கு இல்லாமல் நிஜத்துக்கு: ஓடையைக் கடந்தால்தான் விறகு என்றால், ஓர் அணியிடம் கயிறும் ஓர் அணியிடம் மரமும் கொடுத்துக் குரங்குப் பாலம் கட்டச் சொல்லலாம்.

பக்கத்து அணிக்கு உதவினால் மதிப்பெண் என்று தாளில் ஒரு கட்டம் சேர்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பேன். கட்டம் வந்த மறுநாளே, பரிசோதகர் வரும் நேரம் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்துக்குத் துடைப்பத்தோடு போகும் பிள்ளைகளை உருவாக்கிவிடுவோம். அந்த மழைக்கு மறுநாள் காலை செய்திருக்க வேண்டியது எளிது: இரண்டு தலைவர்களையும் ‘கோர்ட் ஆஃப் ஆனர்’ கூட்டத்தில் உட்கார வைத்து, வாய்க்காலை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர்களையே பேசவிட்டிருக்கலாம். அன்று அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. கலெக்டர் வருகிறார் என்று முகப்பு வளைவை அலங்கரிப்பதில் பெரியவர்கள் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.