சபாவுக்கும் சபைக்கும் வெளியே

2018 ஆகஸ்டில் கர்நாடக இசைப் பாடகர்கள் சிலர் இயேசுவைப் பாட முன்வந்ததற்காக வசவு வாங்கினார்கள். கச்சேரி ஒன்று ரத்தானது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, இயேசு மீதோ அல்லா மீதோ மாதம் ஒரு பாட்டு வெளியிடப்போவதாக அறிவித்தார். ஏசியவர்களுக்கு இது நேற்று முளைத்த களவு. மறுத்தவர்கள் வேதநாயக சாஸ்திரியாரையும் ஆபிரகாம் பண்டிதரையும் சாட்சிக்கு அழைத்து, இருநூறு வருஷ மரபு என்றார்கள். இன்று படித்தவர்கள் ஒப்பித்துக்கொண்டிருப்பது இந்தப் பதிலைத்தான். வருஷக் கணக்கு சரி, வாதம்தான் கோணல். கிறித்தவத் தமிழிசைக்கு மயிலாப்பூர் மேடையின் சான்றிதழ் எதற்கு?

தொடக்கம் தெரிந்ததுதான். தரங்கம்பாடியில் 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கினார். 1737இல் கடலூரிலும் மிஷன் வந்தது. ஜெர்மன் மெட்டில் தமிழைத் திணித்த ஞானப்பாட்டுகளில் குறிலெல்லாம் நீண்டு, நெடிலெல்லாம் குறுகி, பாடுகிறவருக்கு மூச்சு முட்டியது.

அந்த மூச்சுத்திணறலைத் தீர்த்தவர் சாஸ்திரியார் (1774–1864). ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் வளர்ப்பு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தி குறி சொல்கிறாள், சிங்கன் வருகிறான். தெருவில் வழங்கிய மெட்டுகள் தேவாலயத்துக்குள் துள்ளிக்கொண்டு நுழைகின்றன. அபாரமான துணிச்சல். ஆனால் இதே சாஸ்திரியார், தேவாலயத்தில் சாதி பிரித்து உட்காரக்கூடாது என்று புதிய பாதிரிமார் சொன்னபோது, 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' எழுதி எதிர்த்தார். குறத்தியின் பாட்டு உள்ளே வரலாம், குறத்தி எங்கே உட்காருவாள் என்பது வேறு விஷயம். அவரை மரபின் மூலவராக நிறுத்துகிறவர்கள் இந்தப் புத்தகத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது பழகிய கதையாகவே தோன்றும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனும் சிந்து, நொண்டிச்சிந்து என நாட்டு மெட்டுகளோடுதான் தில்லைக்கு நடந்தான். மெட்டுகள் தடையில்லாமல் கச்சேரிக்குப் போய்விட்டன. நந்தன் தீக்குள் இறங்க வேண்டியிருந்தது. பாரதியின் நண்பர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'க்குச் சபாக்கள் கதவைத் திறந்தன. சமரசம் என்ற பெயருக்குப் பின்னால் கிறிஸ்து கண்ணில் படாமல் இருந்ததும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பண்டிதர் (1859–1919) அசுர உழைப்பாளி. பள்ளி ஆசிரியர், சித்த மருத்துவர், விவசாயி, அச்சக முதலாளி. எல்லாவற்றுக்கும் மேல் இசை ஆராய்ச்சி. 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில், சுருதி இருபத்திரண்டு அல்ல, இருபத்துநான்கு என்று வாதாடி, தம் வீட்டுப் பெண்களைக் கொண்டே அதைப் பாடிக் காட்டினார். அடுத்த ஆண்டு, ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரிந்த 'கருணாமிர்த சாகரம்'. சிலப்பதிகாரத்திலிருந்து தமிழிசைப் பாலைகளைக் கணக்கிட்ட அந்தப் பக்கங்களை வியக்காமல் இருக்க முடியாது.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழிசை மாநாடு கூட்டியபோது, பண்டிதர் அமைத்த தளம் தயாராக இருந்தது. எனினும் தமிழிசை வரலாறு என்றால் பலரும் 1941இலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். பண்டிதர் முன்னுரையில் ஒரு கும்பிடோடு முடிந்துபோகிறார். ஆனால் என் ஆதங்கம் பண்டிதர் மீதும் உண்டு. பழந்தமிழன் இசை என்று அவர் நிறுவியதெல்லாம் வீணையிலும் வாய்ப்பாட்டிலும் ஒலித்த இசை. பறையும் அந்த மண்ணின் இசைதான். அவருடைய கணக்கில் அது எங்கே?

அந்தக் கேள்வியை இசையாகவே கேட்டவர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன். தலித் இறையியலாளர். மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் பழகிய பிறகு, இரண்டையும் ஒதுக்கிவைத்துக் கிராமத்து மெட்டில் முழு ஆராதனைமுறையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பதே அவருக்கு நற்கருணை. பாமாலை வெள்ளைக்காரனுடையது, கீர்த்தனை மேல்சாதியின் கொடை, நாட்டுப்புறப் பாட்டு மட்டுமே உழைக்கிறவன் தன் கையால் திருத்திக்கொள்ளக் கூடியது என்பது அவர் கட்சி. சாஸ்திரியார் மெட்டை மட்டும் உள்ளே அழைத்தார். அப்பாவு மெட்டுக்குச் சொந்தக்காரர்களையும் சேர்த்து அழைத்தார். பறையை மறந்தால்தான் மரியாதை என்று நம்பியிருந்த சபையாருக்கே இது கசந்தது.

அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதிவிட்டார். நம் இசை விமரிசகர்களோ இன்னும் தியாகராஜர் மெட்டில் இயேசுவைப் பாடலாமா என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுவின் பாட்டுகளை இசைத்துறைகள் பாடமாக வைக்க வேண்டும் என்பேன். சுரக்குறிப்போடு அச்சிட்டு, ஓரெழுத்து மாறாமல் ஒப்பிக்கச் சொல்வதானால் வைக்காமலே இருக்கலாம். பாடுகிறவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளட்டும் என்று கட்டப்பட்ட பாட்டுகள் அவை.