தலை சாய்ந்த சைக்கிள்

மலைப்பாதைக்கென்று அளவெடுத்துச் செய்த எஃகு ஹார்டெயில் சைக்கிளைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால், பழகாத கண்ணுக்கு எங்கோ மோதி முன்பக்கம் விரிந்துபோன வண்டி என்றுதான் தோன்றும். ஹேண்டில்பாரை விட்டு முன்சக்கரம் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும். சக்கரங்கள் இரண்டும் பெரிசு. நடுவில் ஃபிரேம் தாழ்ந்து, மேல்குழாய் பின்னோக்கிச் சரிந்து, சீட்டுக்கு மட்டும் நீளமாக ஒரு கம்பம். முன் ஃபோர்க்கில்தான் சஸ்பென்ஷன்; பின்னால் ஒன்றும் கிடையாது.

இந்தக் கோலத்துக்கு வந்துசேர முப்பது முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மலையில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளை மண்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரத்து கோஸ்டர் பிரேக் ஏறும் சூட்டில் ஹப்பிலிருக்கும் கிரீஸ் புகைந்தே போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பேர் வந்தது அதனால்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே குழாய் வெட்டிச் செய்த முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வண்டிகளுக்கெல்லாம் 26 இஞ்ச் சக்கரம். யாரும் கணக்குப் போட்டு முடிவு செய்த அளவில்லை. முப்பதுகளில் ஷ்வின் கொண்டுவந்த பலூன் டயர் அந்த அளவில் கிடைத்தது, அவ்வளவுதான். கையில் கிடைத்த டயர் இருபது வருஷத்துக்குமேல் சாஸ்திரமாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவர் ஃபின்லாந்து நோக்கியன் கம்பெனியின் பனி டயர்களைப் போட்டுப் பெரிய சக்கர வண்டிகள் செய்தார். கலிபோர்னியாவுக்கும் சில டயர்களை அனுப்பிவைத்தார். வரத்து நிலையாக இல்லாததால் அது அப்படியே நின்றுபோனது. 1999இல் டபிள்யூ.டி.பி. கம்பெனி நானோராப்டர் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே 29 இஞ்ச் என்ற அளவுக்கு உயிர் வந்தது. ரிம் என்னவோ ரோடு சைக்கிளில் இருக்கும் அதே 622 மி.மீ. ரிம்தான். தடித்த டயர்தான் அதை 29 ஆக்குகிறது.

பெரிய சக்கரத்தின் லாபத்தைக் காகிதத்தில் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். 10 செ.மீ. உயரக் கல்லை 26 இஞ்ச் சக்கரம் 45 டிகிரிக்குச் சற்று மேலான கோணத்தில் முட்டுகிறதென்றால், 29 இஞ்ச் சக்கரம் 43இல் முட்டுகிறது. வித்தியாசம் இரண்டு சொச்சம் டிகிரிதான். ஆனால் வேர்களும் கற்களுமாகக் கிடக்கும் பாதையில் அந்த இரண்டு டிகிரி ஒவ்வொரு கல்லிலும் கிடைக்கிறது. வேகம் சிந்தாமல் வண்டி உருண்டு போகிறது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்கு இது பெரிய உபகாரம்.

இனி தலைச் சாய்வு. ஹேண்டில்பார் திரும்பும் அச்சுக்கும் தரைக்கும் இடையிலான கோணத்தை ஹெட் ஆங்கிள் என்கிறோம். தொண்ணூறுகளில் 71 டிகிரி கிட்டத்தட்ட வேதவாக்கு. இன்று 64, 65. அந்த அச்சைத் தரைவரை நீட்டிக் கோடு போட்டால், டயர் தரையைத் தொடும் இடம் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் விழும். அந்தத் தூரத்துக்கு டிரெயில் என்று பேர். பழைய 26 இஞ்ச் வண்டியில் அது ஏறக்குறைய 75 மி.மீ. 64 டிகிரியில் சாய்ந்த 29 இஞ்ச் வண்டியில் 130ஐத் தொடும். கல் தட்டிச் சக்கரம் விலகினாலும் தானே நேருக்குத் திரும்பப் பார்க்கும் குணம் இந்த நீளத்திலிருந்து வருகிறது. செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் ஓட்டுபவருக்கு நன்றாக முன்னால் நிற்பதால் தலைகுப்புறப் போகும் பயமும் குறைகிறது. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது இதே வண்டி சண்டித்தனம் செய்யும். ஹேண்டில் தானாக ஒருபக்கம் மடங்கப் பார்க்கும், முன்சக்கரம் அலையும். உட்கார்ந்திருப்பவரின் எடையை முன்னுக்குக் கொண்டுவர சீட் குழாயை நிமிர்த்துவது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது முழு சஸ்பென்ஷன் வண்டிக்கும் பொருந்தும். அந்த வண்டியில் ஆள் ஏறினால் முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்கும். கோணம் பெரிதாக மாறாது. ஹார்டெயிலில் முன்பக்கம் மட்டும் அமுங்குகிறது. பின் ஆக்சிலைச் சுற்றி வண்டி முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்கிறது. ஃபோர்க் 30 மி.மீ. அமுங்கினால் ஹெட் ஆங்கிள் ஒன்றேகால் டிகிரிபோல நிமிரும், சீட் குழாயும் அதே அளவு நிமிரும், பெடல் அச்சு ஒரு சென்டிமீட்டர் தாழும். 130 மி.மீ. ஃபோர்க் ஒரு பள்ளத்தில் முழுசாக அமுங்கும்போது 64 டிகிரி ஏறக்குறைய 70 ஆகிவிடுகிறது. சாய்வு அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்துப் பழைய காலத்து வண்டியாகிவிடுகிறது என்று அர்த்தம்! ஆகவே ஹார்டெயிலின் 64ஐ முழு சஸ்பென்ஷன் வண்டியின் 64க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது அபத்தம். நல்ல ஃபிரேம் தச்சர், ஆள் ஏறி நிற்கும் நிலையை முதலில் வரைகிறார். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் எண்கள் அதிலிருந்து பின்னோக்கி வருகின்றன. சீட் குழாயைப் படத்தில் 74, 75 டிகிரியோடு நிறுத்திக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான். மிச்சத்தை ஃபோர்க் பார்த்துக்கொள்ளும்.

என் கண் முதலில் போவது வேறோர் இடத்துக்கு: பெடல் அச்சுக்குப் பின்னால், டயருக்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளி. வண்டி துறுதுறுவென்று திரும்ப வேண்டுமானால் பின்சக்கரம் முன்னுக்கு வர வேண்டும்; பெடல் அச்சிலிருந்து பின் ஆக்சில்வரை போகும் செயின்ஸ்டே குழாய் குட்டையாக இருக்க வேண்டும். 425 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் டயரின் ஆரமே 370 போய்விடுகிறது. பெடல் அச்சு ஓடும் உருளையின் பாதி 20. மீதி 35 மி.மீ.க்குள் சீட் குழாயின் அடிப்பாகம் இறங்க வேண்டும், சேறு அப்பிய டயர் உரசாமல் சுழல வேண்டும். பக்கவாட்டிலோ இன்னும் நெருக்கடி. 2.4 இஞ்ச் டயருக்கும் செயின் ஓடும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரல் தடிமன்கூடத் தேறாத சந்து. வண்டியின் மொத்த உதையையும் தாங்கும் குழாய் அதில்தான் நுழைய வேண்டும். சிலர் குழாயை அந்த இடத்தில் நசுக்கிச் சப்பையாக்குவார்கள். சிலர் அங்கே குழாயையே நிறுத்திவிட்டுத் தடித்த எஃகுத் தகடு ஒன்றைச் செங்குத்தாக வைத்துப் பற்றவைப்பார்கள். சீட் குழாயை வளைப்பவர்களும் உண்டு. வளைத்தால் சீட்டைத் தாழ்த்தும் கம்பம் முழுசாக உள்ளே இறங்காது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்குமுன் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி இந்த இடத்தைப் பார்க்கலாம்.

2012ஆம் வருஷம் இங்கே உதவிக்கு வந்தது. ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்.எக்ஸ்.1 ஒரே முன் பல்சக்கரத்தோடு வந்து முன் பல்சக்கரங்களுக்கிடையே செயினை மாற்றும் டிரெய்லியருக்கு வேலையில்லாமல் செய்தது. அந்த இடம் மிச்சமானது. அதே வாக்கில் கோனா கம்பெனி ஹான்சோ என்ற 29 இஞ்ச் எஃகு ஹார்டெயிலை 415 மி.மீ. செயின்ஸ்டேயோடு விற்கத் தொடங்கியது. பெரிய சக்கர வண்டி என்றால் லாரிபோலத் திரும்பும் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதற்குப் பக்தர்கள் அதிகம். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் குடும்பம் 1897இலேயே இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. இன்றும் அதே உத்திதான்: முனைகளில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்பதுபோல. அவர்களுடைய 853 ரகம் பற்றவைத்தபின் காற்றில் ஆறும்போதே அந்த இடத்தில் வலுக்கூடும். ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் வளைவில் ஒளி புகாமல் உட்காரும்வரை அரம் வைத்து ராவுவதைப் பார்ப்பது தனிச் சுகம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன், 'எஃகு கற்களை விழுங்கிவிடும்' என்பதில் பாதி கற்பனை. நீண்ட ஃபோர்க்கின் நெம்புதலைத் தாங்கக் கீழ்க்குழாயை இவ்வளவு பருமனாகப் போட்டுவிட்டு, அந்த ஃபிரேம் மேலும் கீழும் நெகிழும் என்று சொல்வது எப்படி? குலுக்கலை விழுங்குவது பெரும்பாலும் டியூப் இல்லாமல் இருபது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்றில் ஓடும் அந்தத் தடித்த டயர்தான்.

அளவு கொடுக்க வருபவர்களில் சிலர் ஃபோர்க் 160 மி.மீ. வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அமுங்கும்போது ஏழு டிகிரி ஆடும் ஒரு வண்டியை எந்தக் கோணத்துக்கு என்று வரைவது? 120இலிருந்து 140வரை என்றால் படத்தில் இருக்கும் வண்டியும் பாதையில் ஓடும் வண்டியும் ஓரளவு ஒன்றாக இருக்கும். அதற்குமேல் கேட்பவர்களுக்குப் பின்னாலும் ஒரு சஸ்பென்ஷன் வைத்துக் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.