கொன்சலின் ஏடும் பெயரிலியும்: நெரூடாவின் நினைவுக்குறிப்புகள் பற்றி ஒரு நோக்கு

தன்வரலாறுகளுள் இராஜதந்திரிகள் எழுதுவன ஒரு தனிவகை. பிறநாட்டில் தம் அரசின் முகமாக நின்று பழகிய அவர்கள், எதனைச் சொல்வது, எதனை விடுவது என்பதில் தேர்ச்சி பெற்றவர்கள். ஆதலின் அத்தகைய நூல்களைத் திறனாய முற்படுவோர் சொல்லப்பட்ட செய்தியோடு சொல்லப்பட்ட முறையையும் நோக்குதல் வேண்டும். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா 1973 செப்டெம்பரில் மறைந்தபின், 1974இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த அவரது நினைவுக்குறிப்புகள் இவ்வாறு நோக்கத்தக்கவை. அந்நூலில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு.

1904இல் பிறந்த நெரூடா, 1927இல் ரங்கூனுக்குக் கொன்சலாக அனுப்பப்பட்டார். 1929இல் கொழும்பு, 1930இல் பத்தேவியா, 1931இல் சிங்கப்பூர் எனப் பணியிடங்கள் மாறின. பதவியின் பெயர் பெரிது, வருவாயோ சிறிது. ஆவணங்களுக்கு அறவிடப்படும் கட்டணத்தை நம்பியே வாழவேண்டியிருந்தது. சிலிக்குத் தேயிலை ஏற்றிச்செல்லும் கப்பல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும்போதுதான் முத்திரையிடவும் கையொப்பமிடவும் வேலையிருந்தது என ரங்கூன் வாழ்க்கை பற்றி அவரே எழுதுகின்றார். கொழும்பில், வெள்ளவத்தைக் கடலோரத்து வீடொன்றில் தனித்து வாழ்ந்தார். ஆங்கிலேய ஆளுங்குழாத்தினருடன் அவர் ஒட்டவில்லை. லயனல் வென்ட் போன்ற சிலரின் நட்பே துணையாயிற்று. ‘பூமியில் வதிவு’ எனப் பொருள்படும் தொகுதியின் கவிதைகள் பல இக்கீழைத்தேயத் தனிமையிற் பிறந்தவை.

அத்தனிமையை விவரிக்குமிடத்திலேதான், அதிகாலையில் மலவாளி அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணொருத்தி குறிப்பிடப்படுகிறாள். அவளது அழகைக் கண்டு கவிஞர் வியக்கின்றார், பரிசுகள் வைக்கின்றார், அவள் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலை அவளது மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துச் செல்கின்றார். நிகழ்ந்தது வல்லுறவு என்பதில் வாசகனுக்கு ஐயம் எழ இடமில்லை. அவள் தம்மை வெறுத்தது நியாயமே என்றும் அவர் எழுதுகின்றார்.

இதனை நேர்மையான ஒப்புதல் எனக் கொள்வாருளர். எழுதாமல் விட்டிருந்தால் எவரும் அறிந்திரார் என்பது உண்மையே. ஆயினும் எழுதிய முறை வேறொன்றைக் காட்டுகின்றது. அப்பெண் தேவதையாகவும் சிலையாகவும் உவமிக்கப்படுகிறாள். சிலைக்கு மறுக்கும் வாயில்லை. இருவருக்கும் பொதுமொழி இருக்கவில்லை என்கிறார் ஆசிரியர். மொழி கடந்து பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், மொழியின்மையைத் தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டார். அதே பகுதியில் அவர் வளர்த்த கீரிப்பிள்ளைக்குக் கிரியா என்ற பெயர் உண்டு. வீட்டு வேலையாளான சிறுவனுக்கும் பெயர் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை.

இனி, அதே மனிதரின் பிற்காலப் பணியொன்றை ஒப்புநோக்குவோம். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்தபின், 1939இல் அகதிகளைச் சிலிக்கு அனுப்பும் சிறப்புக் கொன்சலாகப் பாரிசில் அவர் பணியாற்றினார். பிரெஞ்சு முகாம்களில் வாடிய 2,000 பேருக்கு மேல் ‘வின்னிபெக்’ கப்பலில் ஏறி, செப்டெம்பர் தொடக்கத்தில் வல்பரைசோ துறைமுகத்தை அடைந்தனர். ஒவ்வொருவரும் பெயராலும் தொழிலாலும் பதியப்பட்டவர். ஏட்டிலே பெயர் ஏறியதால் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். பெயரொன்றைப் பதிதல் எத்துணைப் பெரிய செயல் என்பதை இக்கொன்சலை விட நன்கறிந்தவர் எவருமிலர். அதனாலேயே வெள்ளவத்தைப் பக்கத்தின் வெறுமை மேலும் உறுத்துகின்றது.

2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, சிலியின் பெண்ணுரிமை இயக்கத்தினர் இப்பக்கங்களைச் சுட்டி எதிர்த்தனர். அசோக ஹந்தகம 2021இல் ‘அல்பொராடா’ என்ற திரைப்படத்தில் இதே நிகழ்வை எடுத்தாண்டார். நெரூடாவை முற்போக்குக் கவிஞராகப் போற்றிவந்த தமிழ் இலக்கிய உலகம் இவ்விடயத்தில் நெடுங்காலம் மௌனமாகவே இருந்தது எனலாம்.

அம்மௌனத்துக்குக் கவிஞர் மீதான பற்று மட்டும் காரணமன்று. நகரத் துப்புரவுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழியினரை நாமும் பெயரின்றியே அறிந்திருந்தோம். அவள் அந்த வீட்டின் பின்வாசலுக்கு வரநேர்ந்தது குடியேற்ற ஆட்சியால் மாத்திரமன்று; அவ்வாட்சி பயன்படுத்திக்கொண்ட நமது சாதியமைப்பாலுமாகும். அன்னியர் ஒருவர் இழைத்த கொடுமைக்காக இனமானம் பேசுவது எளிது. அவளை அத்தொழிலில் நிறுத்திய ஒழுங்கை வினாவுவதே கடினம்.

நெரூடாவின் கவிதைகளைப் படியாது விடுதல் இதற்குத் தீர்வாகாது. அவரைப் படிப்போர் ‘வின்னிபெக்’ ஏட்டையும் வெள்ளவத்தைப் பக்கத்தையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது தூதரகங்களுக்குப் பழகிய வழக்கம்; திறனாய்வுக்கு அது ஆகாது.