கயிறு யார் கையில்?

பத்மநாபபுரத்துப் பிள்ளைகள் பார்த்து வளரும் குதிரைகள் இரண்டு. ஒன்று, அரண்மனைப் பூமுகத்தில் சங்கிலியில் தொங்கும் குதிரைவீரன் விளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். இன்னொன்று, நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகும் வேளிமலைக் குமாரசுவாமி விஜயதசமியன்று ஏறும் வெள்ளிக்குதிரை. ஒன்று தொங்குகிறது, மற்றதை மனிதர்கள் சுமக்கிறார்கள். உயிருள்ள குதிரையின் முதுகு எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோடை விடுமுறையில், கொடைக்கானல் ஏரிக்கரையிலோ ஊட்டியிலோதான்.

அங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா தூக்கி உட்கார வைக்கிறார். "பயப்படாத மக்ளே, கெட்டியா பிடிச்சுக்கோ" என்கிறார். குழந்தை சேணத்தின் முன்கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, ஒரு சுற்று, நாலு படம், இறக்கம். குழந்தை குதிரை ஓட்டியதாகத்தான் ஊருக்கு வந்து சொல்லும்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குக் கயிறு கட்டாயம். அந்த வயதில் முதுகு நிமிர்ந்து நிற்காது. கால் சேணத்தின் பாதி வரைக்கும்கூட எட்டாது. குதிரையின் இடது தோளை ஒட்டி நடக்கும் நல்ல குதிரைக்காரர் அதன் காதுகளைப் பார்த்தே அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிவிடுவார். காது பின்னுக்கு மடங்கினால் எரிச்சல். இரண்டும் ஒரே பக்கம் விறைத்தால் அங்கே எதையோ உற்றுக் கவனிக்கிறது, மிரளவும் கூடும். இந்த அறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி குறைவுதான். உலகெங்கும் பல சவாரிப் பள்ளிகளில் சிறு பிள்ளைகள் கயிற்றில்தான் தொடங்குகிறார்கள். பிரிட்டனின் குதிரைக் காட்சிகளில் கயிற்றில் நடத்தப்படும் குழந்தைகளுக்கென்றே தனிப் போட்டி உண்டு.

அந்தப் போட்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. கயிற்றைக் குதிரையின் மூக்குவாரில் கட்டுவார்கள், வாய்க்கம்பியில் கட்டுவதில்லை. வாய் முழுக்கக் குழந்தையின் லகானுக்கே விடப்பட்டிருக்கும். நம் சுற்றுலாத் தலங்களில் பல நேரம் குதிரைக்காரர் வாய்க்கம்பியையே பிடித்து இழுக்கிறார். நாளெல்லாம் பெரிய கை இழுத்துப் பழகிய வாய்க்கு ஆறு வயதுக் கை இழுப்பது உறைக்குமா? இந்த முறையின் பெரிய குறை இதுதான். பிள்ளையைக் காக்கும் அதே கயிறு, நாளைக்கு அந்தப் பிள்ளையின் சொல்லைக் கேட்க வேண்டிய குதிரையைக் கேளாக் குதிரையாக்கிவிடுகிறது.

இரண்டாவது குறை, கயிறு தளர்வதே இல்லை. எங்கள் ஊர்க் குளத்தில் வாழைத்தடியைப் பிடித்து நீச்சல் பழகிய யாரும் மீசை முளைத்த பிறகும் தடியோடு போவதில்லை. சவாரியிலும் படிகள் இருக்கின்றன. முதலில் குதிரையின் கழுத்தில் ஒரு தோல்வார். தடுமாறும்போது குழந்தை லகானை இழுக்காமல் அதைப் பிடிக்கும். அடுத்தது நிறுத்தம். கயிறு தொங்கலாக இருக்க, குழந்தையே குதிரையை நிறுத்திக் காட்ட வேண்டும். நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதில் அர்த்தமில்லை. பிறகு வளைவு, பிறகு கயிற்றோடு மெல்லோட்டம், பிறகுதான் கயிறு கழற்றல்.

கழற்றிய பிறகும் ஏமாற வாய்ப்பு உண்டு. கயிறு இல்லாமல் பக்கத்தில் ஆள் நடந்தால் மட்டக்குதிரை அந்த ஆளைப் பின்தொடர்ந்தே போகும். முன்னால் இன்னொரு குதிரை போனால் அதன் வாலைப் பிடித்தாற்போலப் போகும். மேலே இருக்கும் குழந்தை, தான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும், பெற்றோரும் கைதட்டுவார்கள். உண்மையான சோதனை வேறு. கூட்டத்தை விட்டு, லாயத்து வாசலுக்கு எதிர்ப்பக்கமாக அந்தக் குதிரையைப் பத்தடி கொண்டுபோகச் சொல்லுங்கள். போனால் பிள்ளை ஓட்டுகிறது. போகாவிட்டால் குதிரைதான் பிள்ளையை ஓட்டுகிறது.

ஆகவே கயிற்றைச் சீக்கிரம் கழற்றினால் போதும் என்று சொல்லமாட்டேன். சின்ன மட்டக்குதிரையில் ஒரு முடிச்சு இருக்கிறது: பெரியவர் ஏறிப் பழக்க முடியாத அளவுக்கு அது சிறிசு. நன்றாக ஓட்டும் சிறுவர்கள்தான் அதை மெருகேற்ற வேண்டும். அப்படிப்பட்ட சிறுவர்கள் நம்மிடம் குறைவு. இந்தியச் சவாரிப் பள்ளிகள் பலவற்றில் நிற்பது ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள். அவற்றின் உயரமும் வேகமும் குழந்தைக்கு ஆகாதவை. முறையாகப் படிக்க ஆரோவில்லின் ரெட் எர்த் போன்ற பள்ளிக்குப் போகலாம். எங்கள் பக்கத்திலிருந்து அது ஒரு ராத்திரிப் பயணம். விழுவதும் பாடத்தில் சேர்த்திதான் என்பதால் தலைக்கவசமும், அங்கவடிக்குள் கால் நழுவி மாட்டிக்கொள்ளாதபடி குதிகால் வைத்த காலணியும் இல்லாமல் யாரும் கயிற்றைக் கழற்றக்கூடாது. ஏரிக்கரையில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கயிறு நீடிப்பதே நல்லது.

அதற்காக அந்தச் சுற்று வீணாகப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது படம் எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, குதிரைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, கயிறு உங்க கையிலயே இருக்கட்டும். ஒரு தடவை மட்டும் பிள்ளையே நிறுத்திப் பாக்கட்டும்." அதற்குத் தனிக் காசு கேட்கமாட்டார்.